பின் சீட்டுக்கு அடியில் ஒரு முறுக்குக் கம்பி



பேஸ்மென்ட் பார்க்கிங்குக்கு இறங்கும் சரிவில் ஏதாவது ஒரு காரின் அடிப்பாகம் 'கரக்' என்று உரசினால், "இந்தக் காலத்துப் பசங்க காரைத் தாழ்த்திக் கெடுக்கிறாங்க" என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். ஆனால் வீட்டு வாசலிலேயே காரைத் தாழ்த்துவது இந்தக் காலத்துப் பழக்கம் அல்ல. 1960களிலும் 70களிலும் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அதைச் செய்த இளைஞர்கள் இன்று தாத்தாக்கள். அவர்கள் கையில் இருந்தது வோல்க்ஸ்வேகன் பீட்டில். அந்தக் காரின் பின் சீட்டுக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு எஃகுக் கம்பியின் கதைதான் இந்த இதழின் வரலாற்றுப் பக்கம்.

துணி பிழிவது போல

காரின் எடையைத் தாங்கிக் குலுக்கலைக் குறைக்க மூன்று வழிகள் பரவலாக உள்ளன. லாரிகளின் அடியில் அடுக்கடுக்காகத் தெரியும் இரும்புப் பட்டைகள் ஒன்று. இன்றைய கார்களில் உள்ள சுருள் ஸ்பிரிங் இன்னொன்று. மூன்றாவது முறுக்குக் கம்பி. மெக்கானிக்குகள் டார்ஷன் பார் என்பார்கள்.

ஈரத்துணியின் ஒரு முனையை ஒருவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையை இன்னொருவர் முறுக்கினால், துணி பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும் அல்லவா? அதே வேலையை எஃகுக் கம்பி செய்கிறது. ஒரு முனை காரின் அடிச்சட்டத்தில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். மறுமுனையில் ஒரு கை. கையின் நுனியில் சக்கரம். சக்கரம் மேலே போனால் கம்பி முறுக்கப்படும், பிறகு தானே நிமிரும். இடம் அதிகம் அடைக்காது, எடையும் குறைவு.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் புதிதாக வடிவமைப்பு அலுவலகம் திறந்திருந்த ஃபெர்டினாண்ட் போர்ஷே, 1931இல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை கோரினார். 1934இல் பிரான்சில் வெளிவந்த சித்ரோன் டிராக்ஷன் அவான் காரும் முறுக்குக் கம்பிகளில்தான் நின்றது. நம் ஊரில் ஓடிய மோரிஸ் மைனருக்கும் பழைய அம்பாசிடருக்கும் முன்பக்கத்தில் இருந்தது இதுவே. நம்மில் பலர் பெயர் தெரியாமலே இதன் மீது பயணம் செய்திருக்கிறோம்.

பணம் கட்டியும் வராத கார்

போர்ஷே தன் கம்பியை மலிவான மக்கள் காரில் பொருத்தினார். ஹிட்லர் அரசு அதன் விலையை 990 மார்க் என்று அறிவித்தது. வாரம் 5 மார்க் மதிப்புள்ள வில்லை வாங்கி அட்டையில் ஒட்ட வேண்டும். அட்டைகள் நிரம்பினால் கார். 1938இல் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 3,36,000 பேர் பணம் கட்டினார்கள். போர் வந்தது. தொழிற்சாலை ராணுவ வண்டிகள் செய்தது. அங்கே வேலை வாங்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அந்தத் திட்டத்தில் பணம் கட்டியவர்களில் ஒருவருக்குக்கூடக் கார் கிடைக்கவில்லை. முன்பணம் கட்டிவிட்டு வீட்டுச் சாவிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அந்த வலியை விளக்க வேண்டியதில்லை. வழக்கு நடத்தி, 1961இல்தான் புதுக் காரில் ஓரளவு தள்ளுபடி, இல்லாவிட்டால் சிறு தொகை என்ற உடன்பாடு வந்தது.

போருக்குப் பின் தொழிற்சாலையைப் பொறுப்பேற்ற பிரிட்டிஷ் ராணுவத்தின் மேஜர் ஐவன் ஹர்ஸ்ட், தன் படைக்கு வண்டி வேண்டும் என்பதற்காக அதை மறுபடி ஓட வைத்தார். அமெரிக்காவுக்கு பீட்டில் 1949இல் போனது. அந்த ஆண்டு விற்றவை இரண்டே இரண்டு. 1968இல் ஒரே ஆண்டில் வோல்க்ஸ்வேகன் அங்கே பீட்டிலை மட்டும் நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது.

நாற்பதும் நாற்பத்து நான்கும்

பீட்டிலின் பின் சீட்டுக்கு அடியில், குறுக்காக ஒரு குழாய் போகும். அதற்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கம்பிகள். ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். காரின் நடுவில் பொருந்தும் உள்முனையில் 40 பற்கள். சக்கரக் கையைத் தாங்கும் வெளிமுனையில் 44 பற்கள்.

ஏன் இரண்டிலும் ஒரே எண்ணிக்கை இல்லை? உள்முனையில் ஒரு பல் தள்ளிப் பொருத்தினால் கம்பி 9 டிகிரி திரும்பும். வெளிமுனையில் ஒரு பல் என்றால் 8.18 டிகிரி. உள்ளே ஒரு பல் முன்னே, வெளியே ஒரு பல் பின்னே வைத்தால் நிகர மாற்றம் 0.82 டிகிரி மட்டுமே. பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் வெர்னியர் காலிப்பர் பிடித்தவர்களுக்கு இது புரிந்துவிடும். இரண்டு அளவுகோல்களின் சிறு வித்தியாசத்தை வைத்து நுட்பமாக அளக்கும் அதே தந்திரம். வெளிப் பல் ஒன்றை மாற்றினால் காரின் பின்பாகம் சுமார் இரண்டு அங்குலம் ஏறும் அல்லது இறங்கும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் கால் அங்குலம்.

பொறியாளர்கள் இதை அழகுக்காக வைக்கவில்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு காரையும் சரியான உயரத்தில் நிறுத்தவும், பிற்காலத்தில் கம்பியை மாற்றும்போது பழைய கோணத்தைத் திரும்பக் கொண்டுவரவும் வைத்தார்கள். அந்தக் கோணத்தை பட்டறைக் கையேடு டிகிரிக் கணக்கில் சொன்னது. காரின் உயரம் கணக்கிட்டு வைக்கப்பட்ட ஓர் அளவு என்பதைத்தான் அந்த 40, 44 காட்டுகின்றன.

கராஜுக்குள் வந்த கணக்கு

கலிஃபோர்னியாவில் பழைய பீட்டில்கள் மலிவாகக் கிடைத்தன. 1964இல் நியூபோர்ட் பீச்சில் புரூஸ் மேயர்ஸ், பீட்டிலின் உறுப்புகளை வைத்து மணல்மேட்டில் ஓடும் மேயர்ஸ் மாங்க்ஸ் வண்டியைச் செய்தார். 1969இல் ஜான் மியூர், எதுவும் தெரியாதவரும் தன் வோல்க்ஸ்வேகனைத் தானே பழுது பார்க்கும்படி ஒரு கையேடு எழுதினார். அது லட்சக்கணக்கில் விற்றது. சொந்தக் காரைச் சொந்தக் கையால் திறப்பது அங்கே சாதாரணமாகிவிட்டது.

பாலைவனத்தில் ஓட்டியவர்கள் பற்களை ஒரு பக்கம் திருப்பி வண்டியை உயர்த்தினார்கள். நகரத்தில் ஓட்டியவர்கள் தாழ்த்தினார்கள். ஆரஞ்சு கவுண்டி இளைஞர்கள் முதலில் முன்பக்கத்தைத்தான் இறக்கினார்கள். பம்பரையும் பளபளப்புப் பட்டைகளையும் கழற்றினார்கள். இந்தத் தோற்றத்துக்கு 1970களின் நடுவில் கார் இதழ்கள் வழியாக 'கலிஃபோர்னியா லுக்' என்ற பெயர் நிலைத்தது. பிறகு பின்பக்கத்தையும் இறக்கும் பழக்கம் பரவியது.

வேலை சுலபமானது அல்ல. சக்கரத்தைக் கழற்றி, காரை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சும் சக்கரக் கையும் சேரும் இடத்தில் உளியால் அடையாளம் போடுவார்கள். திரும்பப் பூட்டும்போது சக்கரம் கோணாமல் இருக்க வேண்டும். போல்ட்டுகளை எடுத்த பிறகும் அந்த எஃகுக் கை கீழே உள்ள ஒரு மேட்டில் முட்டி நிற்கும். கம்பியில் முறுக்கு மிச்சம் இருக்கும். ஜாக்கியும் சங்கிலியும் கொண்டு கையை மெல்ல உயர்த்தி, மேட்டைத் தாண்டவைத்து, முறுக்கு தீரும்வரை இறக்க வேண்டும். வழுக்கினால் அந்தக் கை கண்மூடித் திறப்பதற்குள் கீழே வந்து அடிக்கும். அனுபவசாலிகள் அதன் எதிரே முகத்தையோ விரலையோ வைக்க மாட்டார்கள்.

அதன் பிறகு அளவு. கார் நிற்கும் தரையே சாய்ந்திருக்கலாம் என்பதால் முதலில் காரின் உடலின் சாய்வையும், பிறகு கையின் கோணத்தையும் ரசமட்டம் வைத்த கோணமானியால் அளப்பார்கள். இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். இடது கம்பியும் வலது கம்பியும் ஒன்று போலத் தெரிந்தாலும் இடம் மாற்றக்கூடாது. ஒவ்வொன்றும் தன் பக்கத்துக்கான திசையில் முன்கூட்டியே முறுக்கிப் பதப்படுத்தப்பட்டது.

தாழ்ந்தால் என்ன மாறும்?

பழைய பீட்டிலின் பின் அச்சு நடுவில் மட்டும் மடங்கும் வகை. வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்பாகம் எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உடலுக்கு அடியில் மடங்கி, கார் சுழல வாய்ப்பு உண்டு. இதே வகை அச்சு கொண்ட செவர்லே கோர்வேர் காரைப் பற்றித்தான் 1965இல் ரால்ஃப் நேடர் தன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை எழுதினார். 1969 மாடல் முதல் அமெரிக்காவுக்கான பீட்டில்களில் வோல்க்ஸ்வேகன் வேறு வகை அச்சைக் கொடுத்தது. பின்பாகத்தை அளவோடு தாழ்த்தினால் சக்கரத்தின் மேல் விளிம்பு உள்நோக்கிச் சாயும். மடங்கும் ஆபத்து குறையும். பந்தயக்காரர்கள் தாழ்த்தியதற்கு இப்படி ஒரு நியாயம் இருந்தது.

அளவு தாண்டினால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். ஷாக் அப்சார்பர் அடிமட்டத்தில் முட்டும். பின்பாகம் மட்டும் இறங்கினால் ஹெட்லைட் மேல்நோக்கி, எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும். பிற்காலக் கார்கள் சிலவற்றில் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் காரின் உயரமே தீர்மானிக்கிறது. தாழ்ந்த காரை, சுமை ஏற்றிய கார் என்று அந்தக் கருவி எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் கூடுதலாகப் பிடிக்கும். காரின் உயரம் உரிமையாளரின் விருப்பமாக இருக்கலாம். அதன் விளைவில் எதிரே வருபவருக்கும் பங்கு உண்டு.

ஜெர்மனியில் இன்று காரைத் தாழ்த்தலாம். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகரிடம் காட்ட வேண்டும், தேவையான மாற்றத்தை வண்டியின் ஆவணத்தில் பதிய வேண்டும். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுவது நல்லது.

கடைசி பழைய பீட்டில் 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவெப்லா தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல். அதன் பின் சீட்டுக்கு அடியிலும் முறுக்குக் கம்பிகளே இருந்தன. உலகின் பல ஊர்க் கராஜ்களில் இன்றும் யாரோ ஒருவர், கோணமானியைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே ஒரு பல்லா, வெளியே ஒரு பல்லா என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.