பிரெக்சிட்டும் ஜெரமி கோர்பினும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்று ஐக்கிய இராச்சிய மக்களிடம் 2016 ஜூன் 23 அன்று கேட்கப்பட்டது. வாக்களித்தோரில் 51.9 விழுக்காட்டினர் விலகுவோம் என்றனர். வாக்கெடுப்பை நடத்திய பழமைவாதக் கட்சிப் பிரதமர் டேவிட் கேமரன் பதவி விலகினார். ஆனால் அடுத்த மூன்றரை ஆண்டுகள் இரு தரப்பாரிடமும் ஏச்சு வாங்கியவர் ஆட்சியிலேயே இல்லாதவர். அவர் தொழிற்கட்சித் தலைவரும் எதிர்க்கட்சித் தலைவருமான ஜெரமி கோர்பின்.

கோர்பினின் பழைய நிலைப்பாடு யாவரும் அறிந்தது. 1975 வாக்கெடுப்பில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் நீடிப்பதற்கு எதிராக வாக்களித்தவர் அவர். பின்னர் நாடாளுமன்றத்தில் மாஸ்டிரிக்ட், லிஸ்பன் உடன்படிக்கைகளையும் எதிர்த்தார். 2016இல் கட்சியின் முடிவை ஏற்று நீடிப்புக்காகப் பிரசாரம் செய்தார். ஒன்றியத்தின் மீது பத்துக்கு எவ்வளவு ஆர்வம் என்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கேட்டபோது, ஏழு அல்லது ஏழரை என்றார். (தமிழர் காதில் ஏழரை எப்படி ஒலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.) நேர்மையான விடைதான். ஆனால் தோல்விக்குப் பின், தலைவர் அரைமனதுடன் உழைத்தார் என்பதற்கு அதையே சான்றாகக் காட்டினர். ஜூன் 28 அன்று அவருடைய கட்சி உறுப்பினர்களே 172க்கு 40 என்ற கணக்கில் அவர்மீது நம்பிக்கையில்லை என வாக்களித்தனர். தொண்டர்கள் செப்டம்பரில் அவரை மீண்டும் தலைவராக்கினர்.

ஆளைவிடக் கணக்கே சிக்கலானது என்பதை மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். தொழிற்கட்சிக்கு வாக்களிப்போரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் நீடிப்பை விரும்பினர். ஆனால் அக்கட்சி வென்றிருந்த தொகுதிகளில் பெரும்பான்மை விலகலின் பக்கம் நின்றது. கோர்பினின் தொகுதி அமைந்த லண்டன் இஸ்லிங்டனில் 75 விழுக்காட்டினர் நீடிப்பைக் கேட்டனர். வடக்கே, பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதியான டான்காஸ்டரில் 69 விழுக்காட்டினர் விலகலைக் கேட்டனர். இரண்டும் தொழிற்கட்சியின் கோட்டைகள். யார் தலைவராக இருந்தாலும் ஒரு கோட்டையைப் பகைக்காமல் பேச முடியாது.

அதனால் கோர்பின் தெளிவில்லாமலே பேசினார். அது முதலில் பலித்தது. 2017 தொடக்கத்தில் விலகல் நடைமுறையைத் தொடங்கும் மசோதாவை ஆதரிக்குமாறு கொறடா உத்தரவு போட்டார். 47 உறுப்பினர்கள் மீறினர். ஆயினும் அவ்வாண்டு ஜூன் தேர்தலில் கட்சி 40 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. பிரதமர் தெரசா மே பெரும்பான்மையை இழந்தார்.

மே கொண்டுவந்த ஒப்பந்தம் 2019 ஜனவரி 15 அன்று 432க்கு 202 என்று தோற்றதும் நிலைமை மாறிவிட்டது. ஒப்பந்தம் கண்முன் இருக்கும்போது மழுப்ப இடமில்லை. மே மாத ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் தொழிற்கட்சி 14 விழுக்காட்டையும் எட்டாமல் மூன்றாமிடத்துக்குப் போனது. மறுவாக்கெடுப்பு வேண்டும் என்று நிழல் பிரெக்சிட் அமைச்சர் கியர் ஸ்டார்மர் முதலானோர் நெருக்கினர். வடபகுதித் தொகுதி உறுப்பினர் சிலர் அது தற்கொலை என்றனர். முடிவில், ஆட்சிக்கு வந்தால் மூன்று மாதத்தில் புதிய ஒப்பந்தம், ஆறு மாதத்துக்குள் மறுவாக்கெடுப்பு, அதில் தாம் நடுநிலை என்றார் கோர்பின். அவர் செய்த தவறு இதுவே என்பது என் கருத்து. கட்சியைப் பிளக்காமல் வைத்திருக்க நடுநிலை உதவலாம்; ஆனால் பிரதமராக வர விரும்புபவர், நாட்டின் முதன்மையான கேள்விக்கு எனக்கு விடையில்லை என்று சொல்லி வாக்குக் கேட்க முடியாது.

2019 டிசம்பர் 12 தேர்தலில் தொழிற்கட்சிக்கு 202 இடங்கள். 1935க்குப் பின் மிகக் குறைவு. டெனிஸ் ஸ்கின்னர் 1970 முதல் காத்துவந்த போல்சோவர், டோனி பிளேயரின் பழைய தொகுதி செஜ்பீல்டு ஆகியவையும் போயின. மறுவாக்கெடுப்பைத் திணித்தவர்களே காரணம் என்றனர் கோர்பின் ஆதரவாளர்கள். தலைவர்தான் காரணம் என்றனர் மற்றவர்கள். கட்சிக்குள் யூத எதிர்ப்புப் புகார்களை அவர் கையாண்ட விதத்தையும் சேர்த்தே சொன்னார்கள்.

2020 ஏப்ரலில் ஸ்டார்மர் கட்சித் தலைவரானார். அவ்வாண்டு டிசம்பர் 30 அன்று போரிஸ் ஜான்சனின் வணிக ஒப்பந்தம் அவைக்கு வந்தபோது, அதை ஆதரித்து வாக்களிக்குமாறு தம் கட்சியினருக்குக் கொறடா உத்தரவு பிறப்பித்தவர் அவர்தான்.