நிலாவெளிப் பக்கத்து ஜேர்மன் ரேடியோ



போன கிழமை பத்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், நம்மட மாவட்டத்துல எப்பயாவது ரேடியோ ஸ்டேசன் இருந்திச்சா?" பாடம் வேறு எதுவோ. ஆனாலும் பதில் சொன்னோம்: "இருந்திச்சு மகள். பெரிய ஸ்டேசன். ஆனா நமக்கு இல்ல." வகுப்பு சிரித்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

திருமலையிலிருந்து நிலாவெளி, புல்மோட்டைப் பக்கம் பஸ்ஸில் போய் வந்தவர்களுக்கு அந்த உயர்ந்த கோபுரங்கள் ஞாபகம் இருக்கும். நாங்கள் சிறு வயதில் ஜன்னலோரம் இருந்து எத்தனை என்று எண்ணுவோம், ஒவ்வொரு தடவையும் கணக்குப் பிழைக்கும். ஜேர்மனியின் சர்வதேச வானொலியான டொய்ச்சே வெல்லே 1980களில் அமைத்த அஞ்சல் நிலையம் அது. கொலோன் நகரத்தில் பேசுவதை வாங்கி, வலுவைக் கூட்டி, ஆசியா முழுக்க அனுப்புவதுதான் அதன் வேலை.

ஏன் இங்கே? சிற்றலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, தரையில் பட்டு, மீண்டும் மேலே போய் இப்படித்தான் தூரம் கடக்கும். ஒவ்வொரு தாவலிலும் பலம் குறையும். ஐரோப்பாவிலிருந்து நேரே வரும் ஒலி இந்தியாவுக்கு வரும்போது இரைச்சலோடு வரும். நடுவில் ஒருவர் வாங்கிக் கொடுத்தால் தெளிவாகக் கேட்கும். ருவாண்டாவின் கிகாலியிலும் போர்த்துக்கலின் சினெஸிலும் இதே வேலைக்கு நிலையங்கள் வைத்திருந்தார்கள். எங்கள் நிலையத்தில் சிற்றலையோடு மத்திய அலையும் இருந்தது: 1548 கிலோஹேர்ட்ஸ், 400 கிலோவாட். ஊர் எஃப்.எம். ஒன்று சில நூறு வாட்டில் ஓடிவிடும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1920களில் எட்வேர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் திணைக்களப் பொறியியலாளர் கொழும்பில் முதல் பரீட்சார்த்த ஒலிபரப்பைச் செய்தபோது, பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கருவிகளைக் கொண்டுதான் ஒலிபரப்பியைப் பொருத்தினார் என்பார்கள். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. ஜேர்மன் சாமானில் பிறந்த வானொலியின் நாட்டுக்கு, அறுபது வருசம் கழித்து ஜேர்மன்காரரே கோபுரத்தோடு வந்து இறங்கினார்கள்.

கோபுரம் என்றால் சந்தேகமும் கூடவே வரும். திருமலைத் துறைமுகத்தை யார் பிடிப்பது என்பது எங்கள் பாட்டன்மார் காலத்துக்கும் முந்திய கேள்வி. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதும் இந்தத் துறைமுகத்துக்காகத்தான். 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் ஒப்பந்தம் செய்தபோது, கூடவே கடிதங்களும் பரிமாறினார்கள். துறைமுகத்தைப் பற்றியும் எண்ணெய்க் குதங்களைப் பற்றியும் எழுதிய அதே கடிதத்தில், இலங்கையில் உள்ள வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் இராணுவத்துக்கோ உளவுக்கோ பயன்படக் கூடாது என்றும் ஒரு பந்தி இருக்கிறது. டில்லி அந்தக் கோபுரங்களை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறது. நாங்களும் எண்ணினோம், பஸ் ஜன்னலிலிருந்து.

யுத்த காலத்திலும் அங்கிருந்து ஒலிபரப்பு நடந்தது. ஹிந்தி போனது, உருது போனது, வங்காளம் போனது. தமிழ் போகவில்லை. டொய்ச்சே வெல்லேக்கு அப்போது தமிழ்ச் சேவையே கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் காசு, அவர்கள் தேவை. ஆனால் நிலம் எங்களுடையது.

நாங்கள் கேட்டதெல்லாம் வேறு இடங்களிலிருந்து வந்தது. நோன்பு காலத்தில் இலங்கை வானொலி முஸ்லிம் சேவைதான் வீட்டின் மணிக்கூடு. ஸஹருக்கு எழும்ப அதுதான், பயானும் அதில்தான். ஆனால் மஃரிபு பாங்கை மட்டும் அதை நம்பிக் காத்திருக்க முடியாது. ரேடியோவில் வருவது கொழும்பு நேரத்துப் பாங்கு. நாங்கள் கொழும்புக்குக் கிழக்கே ஒரு பாகைக்கு மேல் தள்ளி இருக்கிறோம். ஒரு பாகைக்கு நாலு நிமிடம். பருவத்துக்குப் பருவம் கூடிக் குறைந்தாலும் ஏறத்தாழ ஐந்து நிமிடம் முந்தியே எங்களுக்குச் சூரியன் மறைந்துவிடும். எங்கள் பள்ளியில் பாங்கு சொல்லி, பேரீச்சம்பழம் தின்று, கஞ்சிக் கோப்பை பாதியான பிறகுதான் ரேடியோவில் பாங்கு கேட்கும். உம்மம்மா சொல்லுவா, "கொழும்பாக்கள் இப்பத்தான் நோன்பு துறக்காங்க மனே." எங்களுடைய நேரத்தைச் சொல்ல ஒரு ரேடியோ இருக்கவில்லை.

ஐந்து நிமிடம் என்றபடியால் சிரிக்கலாம். 2004 டிசம்பர் 26இல் ஒன்றரை மணி நேரமளவு இருந்தது.

அன்று ஞாயிறு, போயா நாளும்கூட. இலங்கை நேரப்படி காலை ஏழு மணியளவில் சுமாத்ராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தது. அலை எங்கள் கரைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர்... பெயர்களை எழுதினால் போதும், உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் ஞாபகம் வரும். கிண்ணியாவில் கடலோரம் இருந்த வைத்தியசாலையும் போனது. அந்நேரம் இந்து சமுத்திரத்தில் எந்த நாட்டுக்கும் எச்சரிக்கை முறை இருக்கவில்லை. ஆகவே இன்னார் பிழை என்று விரல் நீட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் வரலாறு படிப்பிக்கிறவர்களுக்கு ஓர் எண்ணம் தொண்டையில் நிற்கிறது. எங்கள் கரையிலேயே நாலு இலட்சம் வாட் இருந்தது. "கடல விட்டு ஓடுங்க" என்று எங்கள் பேச்சில் சொல்ல ஒரு மைக் இருக்கவில்லை.

2006 ஓகஸ்டிலும் அப்படித்தான். மூதூர்ச் சனம் பிள்ளைகளையும் வயதானவர்களையும் இழுத்துக்கொண்டு கந்தளாய்க்கு நடந்தது. வந்தவர்கள் இரவு 9.15க்கு பி.பி.சி. தமிழோசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள், தங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று அறிய. மூதூர்ச் செய்தி லண்டனைச் சுற்றி வந்தது.

சின்ன ரேடியோ இந்த நாட்டுக்குப் புதிது அல்ல. 1981இல் யுனெஸ்கோ, டென்மார்க் உதவியோடு மகாவலி சமூக வானொலி தொடங்கியது. (மகாவலிக் குடியேற்றம் பற்றி எங்கள் மாவட்டத்துக்கு வேறு கதை உண்டு. அது இன்னொரு நாள்.) 1989இல் கொத்மலை வந்தது. 1990களின் கடைசியில் அங்கே ஒரு நல்ல வேலை செய்தார்கள். கிராமத்தவர் ஏதாவது கேட்டால், நிலையத்தில் உள்ளவர்கள் இணையத்தில் தேடி, பதிலை ரேடியோவில் சொல்வார்கள். அதுவும் கூட்டுத்தாபனத்தின் கீழ்தான். ஊர்ச் சங்கம் ஒன்று தானாக அனுமதி எடுத்து நடத்தச் சட்டத்தில் வழி செய்யப்படவில்லை. 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, அலைவரிசை மக்கள் சொத்து என்று நீதியரசர்கள் சொன்னார்கள். சொத்து எங்களுடையதுதான், திறப்பு மட்டும் கையில் இல்லை.

அக்கரையில் பாம்பனைப் பாருங்கள். 2016இலிருந்து 90.4இல் கடல் ஓசை என்ற மீனவர் வானொலி நடக்கிறது. காற்று எப்படி, அலை எப்படி என்று மீனவர் பேச்சிலேயே சொல்கிறார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் தோணி தள்ளுகிறவனுக்கும் கேட்க ஆசை அதுதானே!

2011இல் டொய்ச்சே வெல்லே உலகம் முழுக்கச் சிற்றலையை வெகுவாகக் குறைத்தது. பிறகு எங்கள் நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. வெளிநாட்டு ஒலிபரப்பாளர்கள் நேரத்தை வாடகைக்கு எடுத்தார்கள். கோபுரம் எங்கள் நாட்டுக்கு வந்தும், போன குரல் பெரும்பாலும் பிறத்தியாருடையதுதான்.

அந்த நிலையத்தில் எங்கள் மாவட்டத்து ஆட்கள் வேலை செய்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் பார்த்தவர்கள், அன்ரனாக் கம்பி இழுத்தவர்கள், வாசலில் காவல் நின்றவர்கள், சமைத்துப் போட்டவர்கள். ஷெல் விழுந்த இரவுகளிலும் முறை மாறி வேலைக்குப் போனவர்கள் இருப்பார்கள். ஜேர்மன் ரேடியோ என்ற பெயருக்குள் அவர்களுடைய கதை எங்கும் எழுதப்படவில்லை. உங்கள் வாப்பாவோ மாமாவோ அங்கு இருந்திருந்தால், ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்து கேட்டு, போனில் பதிந்து அனுப்புங்கள். பழைய படம், சம்பளத் துண்டு, நிலையத்தின் பெயர் போட்ட சட்டை எதுவானாலும் பத்திரமாகப் பிரதி எடுத்துத் திருப்பித் தருவோம். அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் இன்னும் சரியான பதில் சொல்ல வேண்டி இருக்கிறது.