இருட்டில் பறந்தவர்கள் – 27: இறங்க இடமில்லை

சென்ற வாரம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். 1944 மார்ச் 30, நியூரம்பெர்க், ஒரே இரவில் பிரிட்டனின் 95 விமானங்கள் போன கதை. அங்கேதான் இந்த வாரம் போக வேண்டும். போவோம். அதற்குமுன் மூன்றரை மாதம் பின்னால் நகர்ந்து ஒரு மூடுபனியைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். இரண்டு பத்தி போதும்.

1943 டிசம்பர் 16. நம் பக்கம் மார்கழி பிறக்கிற சமயம். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் மாலை நாலரை மணி வாக்கிலேயே லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் வரிசையாகக் கிளம்பின. இவ்வளவு சீக்கிரம் கிளம்பக் காரணம் நிலா. பௌர்ணமி கழிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அது மேலே வருவதற்குள் பெர்லினில் வேலையை முடித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும். மொத்தம் 483 லங்காஸ்டர்கள், கூடவே 15 மொஸ்கீட்டோ விமானங்கள். ஒரு லங்காஸ்டரில் 7 பேர். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையின் தலைவர் ஹாரிஸ் அந்த மாதம் 7-ஆம் தேதிதான் விமானத்துறைக்கு எழுதியிருந்தார்: லங்காஸ்டர்களை மட்டும் கொடுத்துக்கொண்டே இருங்கள், 1944 ஏப்ரல் 1-க்குள் ஜெர்மனி சரணடையும் நிலைக்கு வந்துவிடும் என்று. தேதியை அவரேதான் தேர்ந்தெடுத்தார்; நான் ஒன்றும் சொல்லவில்லை.

போகும் வழியில் ஜெர்மன் இரவுப் போர்விமானங்கள் ஹாலந்துக் கடற்கரையிலேயே காத்திருந்தன. பெர்லின்வரை துரத்தின. எதிரி மண்ணில் விழுந்தவை 25. திரும்பும்போது வடக்கே டென்மார்க் பக்கமாகச் சுற்றி வந்ததால் துரத்தியவர்களிடமிருந்து தப்பிவிட்டார்கள். வடகடலைத் தாண்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் அவர்களுக்கு முட்டை பொரித்துக்கொண்டிருப்பார்கள். ரேஷன் காலத்து இங்கிலாந்தில், குண்டுவீசிவிட்டு வந்தவனுக்கு ஒரு முட்டை நிச்சயம்.

ஆனால் கீழே இங்கிலாந்தைக் காணவில்லை.

தரையை ஒட்டி மேகம் இறங்கியிருந்தது. சில தளங்களில் அது மேகமா பனியா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை. மேலே நட்சத்திரம் தெரிகிறது, கீழே பாலாடை மாதிரி ஒரு பரப்பு. அதற்குள் எங்கோ ஓடுபாதை, எங்கோ மாதாகோவில் கோபுரம், எங்கோ மரத்தோப்பு. ஒவ்வொரு தளத்தின்மேலும் பத்து, பதினைந்து விமானங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் ஒதுக்கி, ‘உன் முறை வரும்வரை அங்கேயே சுற்று’ என்கிறார்கள். எட்டு மணிநேரம் பறந்துவிட்டு வந்த விமானத்தில் சுற்றுவதற்கு எங்கே பெட்ரோல் இருக்கிறது?

இந்த இடத்தில் உயரமானியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்து உயரமானி காற்றழுத்தத்தை அளந்துதான் உயரத்தைச் சொல்லும். தரைக்கும் உனக்கும் எத்தனை அடி என்று அதற்கு நேரடியாகத் தெரியாது. இறங்கும் இடத்தின் அழுத்தத்தைக் கீழேயிருந்து கேட்டு முள்ளைத் திருத்திக்கொள்ள வேண்டும். திருத்தாவிட்டாலோ, தவறாகத் திருத்தினாலோ, முள் 300 அடி காட்டும்போது சக்கரத்தடியில் மரக்கிளை இருக்கும். பகலில் இது பெரிய விஷயமில்லை, கண் இருக்கிறது. பனியில் முள்ளை நம்பித்தான் இறங்க வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் இறங்கினால் தரை தெரியும், இன்னும் கொஞ்சம்’ என்று இறங்கியவர்கள் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வயலில் மோதினார்கள். இறங்க முடியாது என்று தீர்மானித்த சில விமானிகள், கடைசிச் சொட்டு பெட்ரோலில் மேலே ஏறி, ஆட்களைப் பாராசூட்டில் குதிக்கச் சொல்லிவிட்டு விமானத்தைக் கைவிட்டார்கள். என்னைக் கேட்டால் அன்றிரவு புத்திசாலித்தனமான காரியம் செய்தவர்கள் அவர்கள்தான். லங்காஸ்டரை இன்னொன்று செய்துகொள்ளலாம்.

அப்படி மோதியும் கைவிடப்பட்டும் போனவை 29 லங்காஸ்டர்கள். கண்ணிவெடி போடப் போயிருந்த ஒரு ஸ்டர்லிங் விமானம் தனி. செத்தவர்கள் 148 பேர், காயம்பட்டவர்கள் 39 பேர். மேலும் 6 பேர் தடயமே இல்லாமல் போனார்கள். கடலில் விழுந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். குண்டுவீச்சுப் படையின் முதலாம் குரூப் மட்டும் 13 விமானங்களை இழந்தது. தனி ஸ்குவாட்ரன்களில் அதிக அடி வாங்கியது கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் போர்ன் தளத்திலிருந்த 97-ஆவது. அதற்கு 7 விமானங்கள்.

கவனியுங்கள். எதிரி சுட்டு விழுந்தவை 25. சொந்த மண்ணில் விழுந்த லங்காஸ்டர்கள் 29.

97-இன் முழுப்பெயர் ‘ஜலசந்திக் குடியேற்றங்கள் ஸ்குவாட்ரன்’. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா. அந்த ஊர்க்காரர்கள் கொடுத்த யுத்த நிதிக்கு நன்றியாக வைத்த பெயர். பெயர் வைத்த ஊர்கள் அந்த டிசம்பரில் ஏறக்குறைய இரண்டு வருடமாக ஜப்பான் கையில் இருந்தன.

அந்த ஸ்குவாட்ரனில் ஸ்குவாட்ரன் லீடர் எர்னெஸ்ட் டெவெரில் என்று ஒருவர். 12-ஆம் அத்தியாயத்தில் ஆக்ஸ்பர்க் தாக்குதலைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: 1942 ஏப்ரலில் பட்டப்பகலில் 12 லங்காஸ்டர்கள் தாழப் பறந்துபோய் டீசல் எஞ்சின் தொழிற்சாலையை அடித்தன, ஏழு திரும்பவில்லை. திரும்பிய ஐந்தில் ஒன்றை, உடம்பெல்லாம் ஓட்டையாக, நடுவில் தீப்பிடித்து அணைத்து, ஓட்டிவந்தவர் இந்த டெவெரில். அப்பேர்ப்பட்ட கை. டிசம்பர் 16 இரவு போர்னில் இறங்க வழியில்லாமல், பக்கத்திலிருந்த கிரேவ்லியில் இறங்க முயன்று, தளத்தருகே மோதிச் செத்தார். ஏழு பேரில் ஒருவர் பிழைத்தார்.

அவர் ஏன் கிரேவ்லிக்குப் போனார்? இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை இழுத்து வந்தேன். இரண்டு பத்தி என்று சொன்னதை மறந்துவிடுங்கள். கிரேவ்லியில் ஃபைடோ இருந்தது.

ஃபைடோ என்றால் பனியை எரிக்கும் ஏற்பாடு. 1942-இல் சர்ச்சில் பெட்ரோலியத்துறை அமைச்சர் ஜெஃப்ரி லாயிடுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார்: விமானத் தளங்களில் பனியை விலக்க வழி கண்டுபிடி. ஆங்கிலோ-ஈரானியன் எண்ணெய்க் கம்பெனியின் தலைமை எஞ்சினியர் ஆர்தர் ஹார்ட்லி உள்ளிட்டவர்கள் உட்கார்ந்தார்கள். யோசனை எளிமையானது. பனி என்பது மிதக்கும் நீர்த்துளி. காற்றைச் சில டிகிரி சூடாக்கினால் துளி ஆவியாகிவிடும். ஓடுபாதையின் இருபுறமும் குழாய் பதித்து, துளைகள் வழியாகப் பெட்ரோலை ஆவியாகப் பீய்ச்சிக் கொளுத்த வேண்டியதுதான். அந்த நவம்பரில் ஹாம்ப்ஷையரில் முதல் சோதனை. தீயணைப்பு வீரர் ஒருவரை 80 அடி ஏணியில் ஏற்றினார்கள். பனிக்குள் போய் மறைந்துவிட்டார். கீழே தீ மூட்டினார்கள். சற்று நேரத்தில் ஏணி உச்சியில் மனிதர் தெரிந்தார். எனக்கு இந்தப் போரின் எல்லாக் காட்சிகளிலும் பிடித்த காட்சி இது. யாரும் சாகவில்லை, எதுவும் இடியவில்லை, ஓர் ஆள் ஏணிமேல் தெரிகிறார்.

நாம் போகியன்று தீ மூட்டுகிறோம். சென்னையில் பனியோடு புகை சேர்ந்து கெட்டியாகி, மீனம்பாக்கத்துக்கு வரவேண்டிய விமானங்களைப் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பிவிட்ட வருடங்கள் உண்டு. டயரைக் கொளுத்தினால் பனி கெட்டிப்படும். பெட்ரோலைப் புகையில்லாமல் எரித்தால் கரையும். ஹார்ட்லி கூட்டத்தின் பாதி உழைப்பு அந்தப் புகையை ஒழிப்பதில்தான் போனது.

ஆனால் விமானிகள் நம்ப வேண்டுமே! இரண்டு நெருப்புச் சுவர்களுக்கு நடுவே, பெட்ரோல் தொட்டியைச் சிறகில் வைத்துக்கொண்டு, யார் இறங்குவார்கள்? 1943 பிப்ரவரியில் கிரேவ்லியில் முதலில் இறங்கிக் காட்டியவர் வழிகாட்டிப் படையின் தலைவர் டான் பென்னட். சர்க்கஸில் தீ வளையத்துக்குள் சிங்கம் பாய்வது நினைவுக்கு வந்தது என்று பிறகு சொன்னார். இன்னும் பலமான தீ வேண்டும் என்றும் கேட்டார்.

பென்னட்டைப் பற்றி எழுதாமல் நகர முடியவில்லை. ஆஸ்திரேலியர், டூவும்பா ஊர்க்காரர். மது தொடமாட்டார், சிரிக்கமாட்டார், முட்டாள்களிடம் பொறுமையும் கிடையாது. சுற்றியிருந்தவர்களில் பெரும்பாலோரை அவர் முட்டாள்களாகவே கருதினார். விமானம் ஓட்டுவார், வழி கணிப்பார், வயர்லெஸ் பேசுவார், எஞ்சினைப் பிரித்துப்போட்டு மாட்டுவார். 1938-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை கடல்விமானத்தில் நிற்காமல் போய்ச் சாதனை படைத்தார். 1940 நவம்பரில், குளிர்காலத்தில் யாரும் தாண்டமுடியாது என்றிருந்த அட்லாண்டிக்கின்மேல் ஏழு ஹட்சன் விமானங்களை முன்னின்று கூட்டிவந்தார். 1942 ஏப்ரலில் நார்வேயில் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கப்போய் சுடப்பட்டு, பனிமலை வழியாக நடந்தே ஸ்வீடனுக்குள் புகுந்து, ஒரு மாதத்தில் மறுபடி இங்கிலாந்தில் வந்து நின்றார். 33 வயதில் ஏர் வைஸ் மார்ஷல்.

இத்தனைக்கும் போர் முடிந்ததும், குண்டுவீச்சுப் படையின் குரூப் தலைவர்களில் சர் பட்டம் கிடைக்காத ஒரே ஆள் அவர்தான். வாய்தான் காரணம் என்பார்கள். எனக்கென்னவோ, வாயும் ஒரு தகுதியாகத்தான் படுகிறது. நியூரம்பெர்க்குக்கு எந்த வழியாகப் போவது என்ற விவாதத்தில் வாயைத் திறந்தவர் அவர். அதை அங்கே பார்ப்போம்.

ஃபைடோ உண்மையான போர்வேலைக்கு முதலில் பயன்பட்டது 1943 நவம்பர் 19 இரவு. ஜெர்மனியின் ரூர் பக்கம் குண்டுவீசிவிட்டு வந்த நான்கு ஹாலிஃபாக்ஸ் விமானங்கள் பனிக்கு நடுவே கிரேவ்லியில் பத்திரமாக இறங்கின. அவை 35-ஆவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவை. அதன் முழுப்பெயர் ‘சென்னை மாகாண ஸ்குவாட்ரன்’. ஆம், நம் சென்னை மாகாணம்தான். இங்கே யுத்த நிதி என்று வசூலித்த காசுக்குக் கிடைத்த பெயர். கொடுத்த தாத்தாக்களில் எத்தனை பேர் மனமுவந்து கொடுத்தார்கள், எத்தனை பேர் தாசில்தாருக்குப் பயந்து கொடுத்தார்கள் என்பது வேறு கதை.

அப்படியானால் நவம்பரிலேயே தயாராக இருந்த ஒன்று டிசம்பரில் ஏன் எல்லோரையும் காப்பாற்றவில்லை? பெரும்பாலான தளங்களில் அது இல்லை. போர்னில் இல்லை. ஃபைடோ ஒரு மணிநேரம் முழுவீச்சில் எரிந்தால் ஒரு லட்சம் காலன் வரை குடிக்கும். நம் கணக்கில் நாலரை லட்சம் லிட்டர். தனியார் கார்களுக்கான சாதாரண ரேஷனையே 1942-இல் நிறுத்திவிட்ட நாடு அது. போர் முடிவதற்குள் பிரிட்டனில் 15 தளங்களில் பொருத்தினார்கள். ஏறக்குறைய 2,500 விமானங்கள் அதன் வெளிச்சத்தில் இறங்கின. பத்தாயிரம் பேருக்குமேல் உயிரோடு வெளியே வந்தார்கள். பணத்தை எரிக்கிறார்கள் என்று முணுமுணுத்தவர்கள் அந்தப் பத்தாயிரத்தை எதால் வகுத்தார்களோ.

ஹாரிஸுக்கு வருகிறேன். பெர்லினை முனையிலிருந்து முனைவரை அழித்துவிடலாம், 400 முதல் 500 விமானம் செலவாகும் என்று சர்ச்சிலுக்கு அவர் எழுதியது நவம்பரில். விலையைக் கணக்குப் போட்டுச் சொன்ன மனிதர் அவர். அந்த விலைப்பட்டியலில் மூடுபனி இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய ஆட்களே அவருக்குக் ‘கசாப்புக்காரர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள், அதிலும் ஒரு செல்லம் இருந்தது. எனக்கு அந்தச் செல்லம் வரவில்லை. கீழே பெர்லினில் கால்வாசிக்கு மேற்பட்ட வீடுகள் குடியிருக்க லாயக்கில்லாமல் போயிருந்தன. மேலே பறந்தவனுக்கு இருபது, இருபத்திரண்டு வயது. இரண்டு பக்கமும் செலவு எழுதினார்கள். வரவு ஏப்ரல் 1-க்கு வரும் என்றார்கள்.

அந்தக் கணக்கிலும் ஒரு சங்கதி உண்டு. குண்டுவீச்சுப் படையில் ‘காணாமல் போனது’ என்று ஒரு பத்தி, சொந்த நாட்டில் நொறுங்கியது என்று வேறு பத்தி. மறுநாள் வானொலி எத்தனை விமானங்கள் திரும்பவில்லை என்று அறிவிக்கும். டெவெரில் திரும்பிவிட்டவர். அந்தப் பத்தியில் அவர் வரமாட்டார். போர் முழுக்கக் குண்டுவீச்சுப் படையில் இறந்த 55,573 பேரில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பயிற்சியிலும் விபத்துகளிலும் செத்தவர்கள்.

டிசம்பர் 20 இரவு வானிலை தேறியது. 650 விமானங்கள் ஃபிராங்க்பர்ட்டுக்குக் கிளம்பின, 41 திரும்பவில்லை. 23-ஆம் தேதி மறுபடி பெர்லின்.

பக்கம் முடிந்துவிட்டது, ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டு முறை ஃபோன் வந்துவிட்டது. நியூரம்பெர்க்குக்காகக் காத்திருந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அடுத்த வாரம் நிச்சயம். அந்த இரவு பனி இல்லை, நிலா இருந்தது.