கண்கொத்திப் பாம்பும் கடல் கடந்த பெயரும்

அரசர்க்கும் ஊர்க்கும் வரலாறு உண்டு. பெயர்க்கும் வரலாறு உண்டு. ஈழத்துக் காடுகளிலும் தோட்டங்களிலும் மரக்கிளைகளிற் கொடிபோற் கிடக்கும் மெல்லிய பச்சைப் பாம்பின் பெயர் இதற்குச் சான்றாகும். தமிழர் அதனைக் கண்கொத்திப் பாம்பு என்பர். சிங்களவர் அஹெட்டுல்லா என்பர். இரண்டின் கருத்தும் ஒன்றே: கண்ணை நாடித் தாக்குவது.

1658 முதல் 1796 வரை ஒல்லாந்தர் இத்தீவின் கரையோரத்தை ஆண்ட காலத்தில், இங்குள்ள இயற்கைப் பொருள்கள் பல ஐரோப்பா சென்றன. மருத்துவர் ஏர்மான் இங்குத் திரட்டிய செடிகளை ஆராய்ந்தே சுவீடன் நாட்டு அறிஞர் இலின்னேயசு 1747 இல் இலங்கைத் தாவர நூலை வெளியிட்டார். 1758 இல் அவர் வெளியிட்ட உயிரின நூற் பதிப்பில் அஹெட்டுல்லா என்னும் சிங்களச் சொல்லும் ஒரு பாம்பின் பெயராக இடம்பெற்றது. ஆயின் அந்த இனப்பெயரை இன்று தாங்கி நிற்பதோ அமெரிக்க வெப்பக் காடுகளில் வாழும் வேறொரு பாம்பு! ஈழத்துப் பாம்புக்கு 1789 இற் கிடைத்த இனப்பெயர் 'நீள்மூக்குடையது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லாகும். 1807 இல் இலிங்கு என்னும் செருமானியர் அஹெட்டுல்லா என்பதைப் பேரினப் பெயராக்கிய பின்னரே அச்சொல் உரிய பாம்பினத்தை வந்தடைந்தது. இந்தியாவில் வாழ்பவை வேறினங்கள் என்றும், நீள்மூக்கினம் ஈழத்துக்கே உரியது என்றும் 2020 இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று.

நூலோர் பெயரை இடம்மாற்றி வைத்தனர். பொதுமக்களோ பாம்பின்மேற் பொய்ப்பழி ஏற்றினர். இதன் கண்மணி கிடையாக நீண்டது. மூக்கின் இருபுறத்துப் பள்ளங்கள் வழியே இரு கண்ணாலும் முன்னோக்கி இரையின் தொலைவை அளந்தறிய இது வல்லது. அசையாது நோக்கும் அப்பார்வையே கதைக்கு வித்திட்டது போலும். உண்மையில் இது நாடுவது பல்லி, ஓணான், தவளை முதலியவற்றையே, மனிதர் கண்ணையன்று. இதன் நஞ்சும் மென்மையானது; பின்பற்களில் அமைந்தது. அச்சுறுத்தினால் வாயைப் பிளந்து கழுத்தை விரித்துக் காட்டும். இயன்றால் இலைகளிடையே மறைந்துவிடும்.

நூலிற் புகுந்த பிழையைப் பின்வந்த நூலோர் திருத்தினர். நாவில் வாழும் பிழையோ, 'கண்ணைக் கொத்தும்' என்ற ஒரு சொல்லின் பேரால் தீங்கற்ற உயிரை இன்றும் தடிக்கு இரையாக்குகின்றது. முன்னோர் தந்த பெயரைப் போற்றலாம். அதன் பொருளை ஆராயாது நம்பி ஓர் உயிரைக் கொல்லுதல் கற்றோர்க்கு அழகன்று.