வரிசையில் நின்றவரின் மதிப்பு

கடன் பிரிவில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். யாராவது "11 சதவீதம் வருமானம் சார்" என்று சொன்னால் உடனே சந்தோஷப்பட மாட்டான். அந்தப் பணம் நமக்கு எத்தனைக்கு வந்தது என்று கேட்பான். டெபாசிட்காரருக்கு 7 கொடுத்திருந்தால் நம் சம்பாத்தியம் 11 இல்லை, 4 தான். விளையாட்டு வீரர்களை எடைபோடும் கணக்கும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. வந்து சேர ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்பதுதான் கதை.

நான் இப்போது இருக்கிற டொராண்டோவில் ஐஸ் ஹாக்கிக்கு அடுத்தபடி கூடைப்பந்துப் பைத்தியம். என்.பி.ஏ. தன் முதல் ஆட்டமாகச் சொல்லிக்கொள்வதும் இந்த ஊரில் நடந்ததுதான். 1946 நவம்பர் 1, மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கம். உள்ளூர் ஹஸ்கீஸ் அணி நியூயார்க்கிடம் 68-66 என்று தோற்றது. (நம்ம ஊர் ராசி அப்போதே அப்படி :-)) அன்றைக்கு ஸ்கோர் எழுதியவரிடம் இருந்த கட்டங்கள் கொஞ்சம்தான். ரீபவுண்டை எழுத ஆரம்பித்தது 1950-51 சீசனில். யார் எத்தனை நிமிஷம் ஆடினார் என்பது அதற்கு அடுத்த வருஷம். எதிரியின் பந்தைத் தட்டிப் பறிக்கும் ஸ்டீல், கூடைக்குப் போகும் பந்தைத் தடுக்கும் பிளாக், இரண்டும் 1973-74 வரை கணக்கிலேயே கிடையாது.

இதில் மாட்டிக்கொண்டவர் பாஸ்டன் அணியின் பில் ரஸ்ஸல். 1956 முதல் 1969 வரை 13 சீசன் ஆடி 11 கோப்பை ஜெயித்தவர். அவருடைய பெரிய வித்தையே பிளாக்தான். அதில் எத்தனை செய்தார்? லெட்ஜரில் பூஜ்யம் என்றுகூடப் போட முடியாது, அந்தக் கட்டமே இல்லை. இன்றைக்கு எந்தப் பெரிய சூத்திரத்தை எடுத்து அவர் மேல் வைத்தாலும் பாதி ரஸ்ஸலைத்தான் அது எடைபோடும்.

சூத்திரங்கள் கொட்ட ஆரம்பித்தது 2000-ஐ ஒட்டித்தான். பேஸ்பாலில் பில் ஜேம்ஸ் 2002-ல் 'வின் ஷேர்ஸ்' என்ற புத்தகம் போட்டார்: அணியின் வெற்றிகளைப் பங்கு பிரித்து ஆளுக்கு இத்தனை என்று எழுதுவது, நம் கூட்டுத்தொழில் லாபப் பங்கீடு மாதிரி. அதைக் கூடைப்பந்துக்கு ஜஸ்டின் குபாட்கோ மாற்றினார். ஜான் ஹாலிங்கர் ஒரு வீரரின் எல்லா எண்களையும் பிசைந்து ஒரே எண்ணாக்கினார். அவரை 2012-ல் மெம்பிஸ் அணி துணைத்தலைவராகவே கூட்டிக்கொண்டு போனது!

இவற்றில் என் போன்ற ஆட்களுக்குப் பிடித்தது 'மாற்று ஆளுக்கு மேல் மதிப்பு' என்ற கணக்கு. லீகின் சராசரி வீரர் 0. குறைந்தபட்ச சம்பளத்துக்கு நாளைக்கே பிடித்துக்கொண்டு வரக்கூடிய ஆள், 100 பந்து வாய்ப்புக்கு −2. இந்த −2 தான் நம் டெபாசிட் வட்டி. கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் +1 தரத்தில், மொத்த நேரத்தில் 70% ஆடி, 9 சீசன் இருந்தால் 3 × 0.7 × 9 = 18.9. இன்னொருவர் +6 தரத்தில் பாதி நேரம் ஒரே ஒரு சீசன் ஆடினால் 8 × 0.5 = 4. சராசரிக்குக் கொஞ்சம் மேலே, ஆனால் தினமும் வேலைக்கு வந்தவர், நட்சத்திரத்தைப் போல நாலரை மடங்குக்கு மேல்.

டொராண்டோக்காரர்களுக்கு இது யார் கதை என்று தெரியும். கைல் லவ்ரி 2012 முதல் 2021 வரை 9 சீசன் இங்கே இருந்தார், போகும்போது அசிஸ்ட், ஸ்டீல் இரண்டிலும் ராப்டர்ஸ் அணியின் சாதனை அவர் பெயரில் இருந்தது. கவாய் லெனர்ட் இருந்தது ஒரே வருஷம், 82 ஆட்டத்தில் ஆடியது 60. ஆனால் 2019 மே 12 அன்று அவர் கடைசி நொடியில் எறிந்த பந்து வளையத்தில் நாலு தடவை குதித்து உள்ளே விழுந்தது, அடுத்த மாதம் கோப்பை வந்தது. யார் பெரியவர் என்று எங்கள் வீட்டு இரண்டு பிள்ளைகளும் இன்னும் சண்டை. நான் லவ்ரி கட்சி. பேங்க்காரன் வேறெப்படி இருப்பான்?

கொல்லங்கோட்டில் எங்கள் பெரியப்பாவுக்கும் இதே வியாதி இருந்தது, கூடைப்பந்துக்குப் பதில் கிரிக்கெட். நெல்லியாம்பதி மலையைப் பார்த்தபடி இருக்கும் டீக்கடையில் அவர் வெங்கட்ராகவன் கட்சி, கடைக்காரர் பிரசன்னா கட்சி. இந்திய அணியில் ஆஃப் ஸ்பின்னருக்குப் பெரும்பாலும் ஒரே நாற்காலிதான். பிரசன்னா 49 டெஸ்டில் 189 விக்கெட், சராசரி 30.38. நம்ம மெட்ராஸ்காரர் 57 டெஸ்டில் 156, சராசரி 36.11. எண்ணை மட்டும் பார்த்தால் கடைக்காரர்தான் சரி. பெரியப்பா அசைய மாட்டார். 1965-ல் டெல்லியில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 12 விக்கெட் எடுத்ததைச் சொல்வார், 44 கேட்சைச் சொல்வார். 1974 டிசம்பரில் டெல்லி டெஸ்டுக்குக் கேப்டனாக இருந்தவரை அடுத்த டெஸ்டில் பன்னிரண்டாவது ஆளாக உட்கார வைத்ததைச் சொல்லும்போது குரலே மாறிவிடுமாம், அப்பா சொல்லக் கேட்டது.

கட்டம் இல்லாத திறமை இங்கேயும் உண்டு. ஏக்நாத் சோல்கரின் பேட்டிங் சராசரி 25, எடுத்த விக்கெட் 18. சாதாரணம். ஆனால் ஹெல்மெட் இல்லாமல் மட்டைக்கு நாலடியில் நின்று 27 டெஸ்டில் 53 கேட்ச். 1971 ஓவல் டெஸ்டில் வெங்கட் பந்தில் ஆலன் நாட்டை அவர் பாய்ந்து பிடித்தது விக்கெட்டாக வெங்கட் பற்றில்தான் ஏறியது. அவர் அங்கே நிற்பதால் பேட்ஸ்மேன் பயந்து ஆடிய ஆட்டம் யார் பற்றிலும் ஏறவில்லை.

ஆனால் மாற்று ஆள் கணக்கை இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் அது உடைவது வேறு இடத்தில். ராஜிந்தர் கோயல், ஹரியானாவின் இடதுகைச் சுழல். முதல்தர ஆட்டங்களில் 750 விக்கெட், சராசரி 18.58. ரஞ்சியில் 637, அந்தச் சாதனை இன்னும் அவரிடமே. டெஸ்ட்? ஒன்றுகூட இல்லை. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பிஷன் சிங் பேடி, 67 டெஸ்ட், 266 விக்கெட். இப்போது பேடியின் மதிப்பை எப்படிப் போடுவது? சூத்திரப்படி அவருக்குப் பதில் கிடைக்கும் ஆளைக் கழிக்க வேண்டும். அந்த ஆள் தெருவில் கிடைக்கும் −2 இல்லை, கோயல்! கழித்தால் பேடியிடம் எவ்வளவு மிஞ்சும்?

என்.பி.ஏ.வில் 30 அணிகள். ஒரு அணியின் பெஞ்சில் ஒரு கோயல் இருந்தால் இன்னொரு அணி சம்பளம் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் மாற்று ஆளின் தரம் தாழ்வாகவே இருக்கும் என்று சூத்திரம் நம்பலாம். டெஸ்ட் கிரிக்கெட்டில் கோயலுக்கு இருந்தது ஒரே கடை, அதில் ஒரே நாற்காலி. சந்தை இல்லாத சரக்குக்குப் புத்தகத்தில் மதிப்பு நில் என்று எழுதுவோமே, அது மாதிரி.

அந்த நாற்காலி ஒரு தடவை காலியும் ஆனது. 1974 நவம்பரில் பெங்களூரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக, ஒழுங்கு நடவடிக்கை என்று பேடியை ஒதுக்கினார்கள். கோயலை அணிக்குக் கூப்பிட்டார்கள். காலையில் களம் இறங்கிய பட்டியலில் சந்திரசேகர் இருந்தார், பிரசன்னா இருந்தார், கூடவே வெங்கட்டும். எப்போதும் ஒரு நாற்காலி என்று சண்டை போட்ட ஆஃப் ஸ்பின்னர் இரண்டு பேருக்கும் அன்றைக்கு இடம் கிடைத்தது. கோயல் வெளியே. பெரியப்பாவுக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.

கவாஸ்கர் 1983-ல் தன் ஆதர்ச வீரர்களைப் பற்றி 'ஐடல்ஸ்' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். உலகப் பெயர்களுக்கு நடுவே அதில் டெஸ்டே ஆடாத இந்தியர்கள் இரண்டு பேர்: ஒருவர் பம்பாயின் பத்மாகர் சிவால்கர், மற்றவர் ராஜிந்தர் கோயல்.