மூன்று ஊர்கள் உரிமை கோரும் திருவிழா

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு வாரம் பாடங்கள் பின்னுக்குப் போய்விடும். விடுதி வாசல்களில் அலங்காரம், தெருவில் பேண்டு வாத்திய ஊர்வலம், இரவில் சொக்கப்பனை போல் கொழுந்துவிட்டு எரியும் நெருப்பு, சனிக்கிழமை மைதானத்தில் கால்பந்து. படிப்பை முடித்து நாற்பது ஆண்டுகள் ஆனவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து, தாங்கள் தங்கியிருந்த அறையின் ஜன்னலைக் கீழே நின்று காட்டுவார்கள். இதற்கு ஹோம்கமிங் வாரம் என்று பெயர்.

இதைத் தொடங்கியது யார் என்று கேட்டால் டெக்ஸாஸ் ஒரு ஆண்டைச் சொல்லும், இல்லினாய் ஒன்றைச் சொல்லும், மிசூரி இன்னொன்றைச் சொல்லும். மூன்றும் 1909க்கும் 1911க்கும் இடையில் விழுகின்றன. ஒரே காலத்தில் மூன்று இடங்களில் முளைத்தது தற்செயல் அல்ல. அந்த நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் தோன்றியோ வளர்ந்தோ வந்தவை. 1900 வாக்கில் அவற்றில் படித்தவர்கள் வக்கீல்களாக, மருத்துவர்களாக, வியாபாரிகளாகத் தூரத்து ஊர்களில் வேரூன்றியிருந்தார்கள். அவர்களைத் திரும்பக் கொண்டுவர ரயில் இருந்தது. கூப்பிட ஒரு காரணம்தான் வேண்டியிருந்தது. இலையுதிர்காலத்துக் கால்பந்து அந்தக் காரணமானது. கால்பந்து என்றால் நாம் ஆடுவது இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு முட்டிமோதி முன்னேறும் அமெரிக்க ஆட்டம்.

முதலில் டெக்ஸாஸ். வேகோ நகரிலுள்ள பேய்லர் பல்கலைக்கழகம் 1909 நவம்பர் 24, 25 தேதிகளில் பழைய மாணவர்களை வரவழைத்தது. 25ஆம் தேதி நன்றி நவிலும் நாள், ஊரெல்லாம் விடுமுறை. கச்சேரி, வரவேற்பு, அலங்கரித்த வண்டிகளின் ஊர்வலம், கடைசியில் டெக்ஸாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தோடு ஓர் ஆட்டம். அந்தப் பல்கலைக்கழகமும் அப்போது அதே வேகோவில்தான் இருந்தது. பேய்லர் 6-3 என்று வென்றது. இன்று ஹோம்கமிங்கில் உள்ள அங்கங்கள் பெரும்பாலும் அங்கேயே வந்துவிட்டன. ஆனால் அடுத்த ஆண்டு யாரும் அதைத் தொடரவில்லை. ஒருமுறை நடந்ததை விழா எனலாம். மரபு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இல்லினாய்க் கதை வேறு மாதிரி. அங்கே யோசனை நிர்வாகத்திடமிருந்து வரவில்லை, இரண்டு மாணவர்களிடமிருந்து வந்தது. 1910இல் படிப்பை முடிக்கவிருந்த கிளாரன்ஸ் வில்லியம்ஸ், எல்மர் எக்ப்ளா இருவரும் வளாகத்தை ஒட்டிய ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து, போவதற்கு முன் பல்கலைக்கழகத்துக்கு எதையாவது விட்டுச்செல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோது இது தோன்றியதாகப் பல்கலைக்கழக வரலாறு சொல்கிறது. அதுவரை பழைய மாணவர்கள் கூடும் காலம் ஜூன் மாதப் பட்டமளிப்பு. அதில் ஒரு கோளாறு இருந்தது. பட்டமளிப்பு வருவதற்குள் கீழ்வகுப்பு மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வருகிறவர் காலி வளாகத்தைத்தான் பார்ப்பார். தன் வயதொத்த நாலு பேரோடு பேசிவிட்டுப் போக வேண்டியதுதான். தாம் உட்கார்ந்த பெஞ்சில் இப்போது உட்கார்ந்திருக்கும் பையனை அவர் சந்திக்க வழியே இல்லை.

கூட்டத்தை இலையுதிர்காலத்துக்கு மாற்றினால்? வகுப்புகள் நடக்கும், விடுதிகள் நிறைந்திருக்கும், மைதானத்தில் பெரிய ஆட்டம் இருக்கும். வந்தவரும் இருப்பவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து ஒரே அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தலாம். என் கணக்கில் ஹோம்கமிங் பிறந்தது இந்த எண்ணத்தில்தான். ஊர்வலமும் நெருப்பும் எங்கும் உண்டு. படிப்பவர்களையும் படித்துப் போனவர்களையும் திட்டமிட்டு ஒரே நாளில் ஓரிடத்தில் சேர்த்தது புதிது. வில்லியம்ஸும் எக்ப்ளாவும் இறுதியாண்டு மாணவர் சங்கங்களின் ஆதரவைத் திரட்டினார்கள். பல்கலைக்கழகத் தலைவர் எட்மண்ட் ஜேம்ஸ் சம்மதித்தார். 1910 அக்டோபர் 14 முதல் 16 வரை முதல் விழா நடந்தது. எதிரணி சிகாகோ பல்கலைக்கழகம், அதன் பயிற்றுநர் புகழ்பெற்ற அமோஸ் அலோன்சோ ஸ்டாக். இல்லினாய் 3-0 என வென்றது. அந்தப் பருவம் முழுக்க இல்லினாய்க்கு எதிராக யாரும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. எக்ப்ளா சில ஆண்டுகளில் கிராக்கர்லேண்ட் ஆய்வுப் பயணத்தில் சேர்ந்து கிரீன்லாந்தின் பனிக்குள் போய்விட்டார். படிக்கட்டில் பேசியது மட்டும் ஆண்டுதோறும் நடந்தது. 1918இல் இன்ஃபுளுயன்சா கொள்ளைநோய் வந்தபோது அந்த ஆண்டு விழா நிறுத்தப்பட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் வினாடிவினாப் போட்டிகளில் சரியான விடை மிசூரி, 1911. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பே பெருமையை அங்கேதான் சேர்க்கிறது. இதற்கு மிசூரியின் விளம்பரத் திறமை மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆண்டு மிசூரி கான்சாஸோடு மோதிய ஆட்டத்துக்குப் பின்னால் ரத்தக்கறை படிந்த வரலாறு இருந்தது.

மிசூரி அடிமை முறை இருந்த மாநிலம். பக்கத்திலுள்ள கான்சாஸ் அதை மறுத்து ஒன்றியத்தில் சேர்ந்தது. எல்லையின் இரு பக்கமும் உள்நாட்டுப் போருக்கு முன்பே கொலைகளும் தீவைப்புகளும் நடந்தன. 1863 ஆகஸ்ட் 21 அன்று மிசூரிப் பக்கத்திலிருந்து குவான்ட்ரில் என்பவரின் குதிரைப்படை புகுந்து கான்சாஸின் லாரன்ஸ் நகரைக் கொளுத்தி, சுமார் 150 ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றது. கான்சாஸ் பல்கலைக்கழகம் எழுந்தது அதே லாரன்ஸில். 1891இல் இரு பல்கலைக்கழகங்களும் கால்பந்து ஆடத் தொடங்கியபோது, அந்தப் பகையைக் கண்ணால் பார்த்தவர்கள் பார்வையாளர் வரிசையில் இருந்திருப்பார்கள். ஆட்டம் பெரும்பாலும் எவர் வளாகத்திலும் நடக்காமல் கான்சாஸ் சிட்டியில் நடந்தது.

1911இல் ஒரு விதி வந்தது: இனி ஆட்டங்கள் கல்லூரி மைதானங்களிலேயே நடக்க வேண்டும். மிசூரிப் பல்கலைக்கழகம் இருப்பது கொலம்பியாவில். அப்போது அங்கே மொத்த மக்களே பத்தாயிரத்தைத் தொடவில்லை. பெருநகரத்தில் கூடிய கூட்டம் இந்தச் சிறிய ஊருக்கு வருமா? விளையாட்டுத் துறை இயக்குநர் செஸ்டர் ப்ரூவர் பழைய மாணவர்களை வீட்டுக்கு வரச் சொல்லி அழைத்தார். நவம்பர் 25 அன்று ரோலின்ஸ் மைதானத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேல் திரண்டார்கள். கிட்டத்தட்ட ஊர் அளவுக்கே இன்னொரு ஊர் வந்து இறங்கியிருக்கிறது. ஆட்டம் 3-3 எனச் சமனில் முடிந்தது.

அதே நேரத்தில் லாரன்ஸில் இன்னொரு கூட்டம். கொலம்பியாவுக்கு வர முடியாத கான்சாஸ்காரர்கள் ஒரு நாடக அரங்கில் கூடினார்கள். மைதானத்திலிருந்து தந்தியில் ஒவ்வொரு நகர்வும் வந்துகொண்டிருந்தது. மேடையில் வைத்த பெரிய பலகையில் பந்தின் இடத்தை நகர்த்திக் காட்டினார்கள். தொலைவிலிருந்து பலகையைப் பார்த்தே ஆரவாரம் செய்தார்கள். வானொலி வருணனை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது.

அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் நாடெங்கும் பல்கலைக்கழகங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. ஹோம்கமிங் அரசி, அரசன் தேர்தல்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. உயர்நிலைப் பள்ளிகள் நடனத்தைச் சேர்த்துக்கொண்டன. மிசூரி மாணவர்கள் 1985இல் இந்த வாரத்தோடு ரத்ததான முகாமை இணைத்தார்கள். மாணவர்களே நடத்தும் இத்தகைய முகாம்களில் மிகப் பெரியவற்றில் ஒன்றாக அது வளர்ந்திருக்கிறது. விழாவில் பிற்பாடு சேர்ந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் 1911இல் ப்ரூவர் அனுப்பிய அழைப்பு யாரைச் சென்றடைந்தது என்று கேட்காமல் இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. கறுப்பின மாணவர் ஒருவரைக்கூட அப்போது மிசூரி சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பினக் கல்லூரிகள் 1920களிலிருந்து தங்களுக்கென ஹோம்கமிங்கை வளர்த்தெடுத்தன. வெளியே உணவகத்திலும் ரயிலிலும் ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஆண்டில் சில நாளாவது தலைநிமிர்ந்து நடக்க ஓர் இடம் அந்த வளாகம். வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1966இல் ராபின் கிரிகரி என்ற மாணவி, முடியை நேராக்காமல் இயற்கையான சுருளோடு அரசிப் பட்டத்துக்குப் போட்டியிட்டு வென்றார். மேடையின் வெளிச்சத்தில் முதலில் அவருடைய கூந்தலின் நிழல் சுவரில் விழுந்ததும் அரங்கமே எழுந்து கத்தியது. ஒன்றரை ஆண்டுக்குள் அதே ஹோவர்டின் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தைக் கைப்பற்றிப் போராடினார்கள். விழா சிலருக்கு வேடிக்கையாக மட்டும் இருக்கவில்லை.

மிசூரிக்கு வந்த சோதனை இன்னும் கடுமையானது. லாயிட் கெய்ன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் அங்கே சட்டம் படிக்க விண்ணப்பித்தார். நிறத்தைக் காரணம் காட்டி மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாநிலத்துக்குள்ளேயே அவருக்குச் சமமான சட்டக்கல்வி தர வேண்டும் என்று 1938 டிசம்பர் 12இல் தீர்ப்பு வந்தது. 1939 மார்ச்சில் ஒரு மாலை சிகாகோவில் தபால்தலை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனவரை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. முதல் கறுப்பின மாணவரை மிசூரி சேர்த்தது 1950இல். அந்த ஆண்டையே தங்கள் பெயராகச் சூட்டிக்கொண்ட ஒரு மாணவர் குழு, 2015 அக்டோபரில் ஹோம்கமிங் ஊர்வலத்தின் நடுவே கைகோத்து நின்று பல்கலைக்கழக அமைப்பின் தலைவர் வந்த காரை மறித்தது. ஊர்வலத்தில் பூசல் கிளப்பிவிட்டார்கள் என்று அவர்களைத் திட்டியவர்கள் உண்டு. நூற்றாண்டாக எல்லாரையும் வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்ட தெருவில், அந்த அழைப்பு யாருக்கு என்ற கேள்வியைக் கேட்டது மிகச் சரி என்பேன். ஒரு மாதத்தில், கால்பந்து வீரர்களும் ஆட மறுத்த பிறகு, தலைவர் பதவி விலகினார்.

முதல் ஹோம்கமிங் எது என்று என்னைக் கேட்டால் 1910, இல்லினாய் என்றே சொல்வேன். அதை நாடறியச் செய்தது மிசூரி. அந்த மிசூரி, காணாமல்போய் 67 ஆண்டுகள் ஆன லாயிட் கெய்ன்ஸுக்கு 2006இல் கௌரவச் சட்டப் பட்டம் வழங்கியது.