வெட்டுப்பட்ட ஓரங்கள்

நிலக்காட்சியின் ஓரங்களைக் கத்தரித்து அதன் ஸ்வாரஸ்யத்தைக் கூட்டலாம் என்ற எண்ணம் காமிராவுக்கும் மூத்தது. 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயச் சித்திரக்காரர் நாட்டுப்புறக் காட்சிகளைப் பற்றி எழுதிய நூலில் மூன்றிலொரு பங்கு விதி என்று ஒன்றைச் சொன்னார். நிலத்துக்கு ஒரு பங்கு, வானத்துக்கு இரண்டு. சரிபாதியாகப் பிரித்தால் படம் மந்தித்துப் போகும். இன்று கைபேசித் திரையில் கட்டம் போட்டு நிற்கும் கோடுகள் அவருடைய வாரிசுகள்தாம். விதியோடு எனக்குச் சண்டையில்லை. கண் அப்படித்தான் பழகியிருக்கிறது. 'ஸ்வாரஸ்யம்' என்ற சொல்லோடுதான் பிரச்னை. யாருக்கு ஸ்வாரஸ்யம் என்று அந்த விதி கேட்பதேயில்லை.

நீலகிரியின் சரித்திரத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு விசேஷ அழுத்தம் உண்டு. இங்கே காமிரா வருவதற்கு முன்பே நிலம் படமாக அடுக்கப்பட்டுவிட்டது. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் ஏரியை உண்டாக்கினார். நோக்கம் எதுவாயிருந்தாலும், ஆங்கிலேய ரசனை கேட்ட முன்புறத் தண்ணீர் அதனால் கிடைத்தது. 1840களில் யூகலிப்டஸ் வந்தது. சோலையும் புல்வெளியுமாகக் கிடந்த மலையில் நேர்க்குத்தான மரவரிசைகள் எழுந்தன. மலை கத்தரிக்கப்பட்டாயிற்று, பிரதி எடுக்க ஆள் வரவேண்டியதுதான் பாக்கி.

வந்தவர்களில் முக்கியமானவர் சாமுவேல் போர்ன். 1863இல் இந்தியாவுக்கு வந்தார், 1869இல் உதகையைப் படமெடுத்தார். அதற்கு முன் நாட்டிங்ஹாமில் வங்கிக் குமாஸ்தா (எங்கள் உத்தியோகத்திலிருந்து தப்பித்தவர்கள் எல்லாரும் கவிஞர்களாகவே ஆகிவிடுவதில்லை). இமயத்தில் டஜன் கணக்கான கூலிகள் கண்ணாடித் தகடுகளையும் ரசாயனப் புட்டிகளையும் இருட்டுக் கூடாரத்தையும் சுமந்துவர, அந்த மலைகளின் பிரம்மாண்டம் சட்டகத்துக்கு அடங்கவில்லை என்று லண்டன் பத்திரிகைக்குக் குறைபட்டு எழுதியவர். உதகையில் அந்தக் குறை இருந்திருக்க நியாயமில்லை. ஏரி, மரம், வளைந்து போகும் பாதை எல்லாமே காமிரா அளவுக்கு இருந்தன.

அவருடைய வெட்டு இன்றைய வெட்டல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். கொலோடியன் பூசிய கண்ணாடித் தகட்டை வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டும். தகட்டின் அளவுதான் பிரதியின் அளவு. ஓரத்தைக் கத்தரித்தால் படம் சிறுத்துப்போகும், விலையும் குறையும். ஆகவே போர்ன் கத்தியால் வெட்டியதைவிடக் காலால் வெட்டியதே அதிகம். முக்காலியைப் பத்தடி தள்ளி வைத்தால் ஒரு குடிசை மறைந்துவிடும். அந்தத் தகடு நீலத்துக்கு மட்டுமே மிகுதியாக மசியும். பச்சை இருண்டுபோகும், வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். அக்காலப் படங்களின் மேல்மூலையில் ஒரு மரக்கிளை அடிக்கடி வந்து தொங்குவதற்கு இந்த வெள்ளையும் ஒரு காரணம். ரசனையின் இலக்கணம் என்று நாம் மனப்பாடம் செய்பவற்றில் பாதி, பழைய ரசாயனத்தின் இயலாமை.

என்லார்ஜர் பரவிய பிறகுதான் வெட்டு மலிவாயிற்று. தபால்தலை அளவு நெகடிவில் ஒரு மூலையை மட்டும் எடுத்துச் சுவரளவுக்குப் பெரிதாக்கலாம். இந்த மலிவை மறுத்தவர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். 1950இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைப் படமெடுத்த அதே மனிதர். எடுத்த கணத்தில் விழுந்த சட்டகமே முடிவானது என்பது அவர் கட்சி. ஆனால் அவருக்கு உலகப் புகழ் தந்த, பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தண்ணீரைத் தாண்டும் மனிதனின் படம் (1932) வெட்டப்பட்டது. வேலிச் சந்தில் லென்ஸை வைத்து எடுத்ததால் ஓரத்தில் வேலியும் விழுந்துவிட்டது. இதைச் சொல்லி அவரை மடக்குவதில் எனக்கு ஆர்வமில்லை. வெட்டாத படம் என்று ஒன்று கிடையாது, அவ்வளவுதான்.

பந்தலூரை வைத்து இதை யோசிக்கிறேன். கூடலூருக்கு அப்பால், கேரள எல்லையை ஒட்டி, மழையும் மூட்டமுமாய்க் கிடக்கும் ஊர். உதகைப் பட வரிசைக்கு வெளியே விழுந்துவிட்ட நீலகிரி. நிர்வாகமே இதை ஒருமுறை கத்தரித்து ஒட்டியிருக்கிறது: தென்கிழக்கு வயநாடு மலபாரிலிருந்து பிரிக்கப்பட்டு 1877இல் நீலகிரியோடு சேர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தங்கப் பித்து. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறையில் பேர் பெற்ற ப்ரோ ஸ்மித்தை அரசு வரவழைத்தது. 1880இல் அவர் அறிக்கை வந்தது. லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. பந்தலூரும் தேவாலாவும் பங்குச் சந்தையில் அடிபட்ட பெயர்களாயின. சில ஆண்டுகளில் எல்லாம் படுத்துவிட்டது. ஆலையில் அரைத்த கல்லில் கிடைத்த தங்கம் செலவுக்குக் கட்டவில்லை. அதுவும் ஒரு கத்தரிப்புதானே? மினுங்கிய கல்லைத் தேர்ந்து காட்டினால் மலை முழுக்கத் தங்கம். சுரங்க வாய்கள் மிச்சம். காப்பியை இலைநோய் தின்றது, பிறகு தேயிலை. இந்த நிலத்தில் முன்பே இருந்த பணியர்களும் குறும்பர்களும் எந்தச் சட்டகத்திலும் நடுவில் வரவில்லை.

1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக 1968இல் அரசு இங்கே தேயிலை பயிரிடத் தொடங்கியது. 1976இல் அது டான்டீ என்ற கழகமாயிற்று. அவர்கள் நட்டு வளர்த்த சரிவுகள்தாம் இன்று காலண்டரில் வருபவை. காலண்டர்த் தேயிலைக்கு ஒரு மாறாத அமைப்பு உண்டு. மேலே மூட்டம், கீழே பச்சை வரிகள், மூன்றிலொரு பங்குப் புள்ளியில் கூடை சுமந்த ஒற்றைப் பெண். கொழுந்து எடுப்பவர்கள் நிரை பிடித்துக் கூட்டமாகப் போவார்கள், பக்கத்தில் மேஸ்திரி நிற்பார். அந்தப் பெண்ணின் தனிமை வெட்டினால் உண்டானது. கையில் கூடைக்குப் பதில் கத்தரி வந்து எத்தனையோ காலமாயிற்று. காலண்டருக்கு அது இன்னும் தெரியாது.

நான் எடுத்த படம் ஒன்றில் வலது கீழ்மூலையில் லயன் வீட்டுக் கூரை, தண்ணீர் டிரம், துணிக்கொடி எல்லாம் விழுந்திருந்தன. படம் தெரிந்த நண்பர் 'ட' வடிவில் வெட்டிய இரண்டு அட்டைகளை வைத்து மறைத்து, மூலையைக் கழிக்கச் சொன்னார். கழித்தால் படம் தேறுகிறது. அதை மறுக்க முடியாது. பிடிவாதமாக மூட்டத்தையும் மலையையும் கழித்துக் கூரையை மட்டும் வைத்துப் பார்த்தேன். நெரிசலான, நல்லெண்ணம் மிகுந்த, மோசமான படம். நம் முற்போக்குக் கதைகள் பலவற்றைப் போல. மூன்றாவதாக அட்டைகளை நகர்த்தியபோது வீடு முழுக்க வெளியே போயிற்று. துணிக்கொடியின் ஒரு முனை மட்டும் ஓரத்திலிருந்து தேயிலைக்கு மேலே நீண்டு, ஒரு சிறுவனின் சட்டையோடு நின்றது. அந்த ஓரம் தான் வெட்டுப்பட்டதை ஒளிக்கவில்லை. கயிற்றின் மறுமுனையைக் கட்டியிருக்கும் இடத்தைப் பார்க்கிறவன் தேடவேண்டி வருகிறது. எனக்கு வேண்டிய ஸ்வாரஸ்யம் அது.

2022இல் டான்டீ நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திருப்பித் தர அரசு முடிவு செய்தது. ஓய்வு பெற்றவர்கள் லயன் வீட்டை விடுவது பற்றிய பேச்சும் கூடவே எழுந்தது. காடு மீண்டால் அதுவும் காலண்டருக்கு நல்ல படம்தான். அந்தச் சரிவில் சென்ற வாரம் வெயில் அடித்த ஒரு மணி நேரத்தில் கொடி முழுக்கத் துணி காய்ந்தது.